எங்கே ஊத்துறது?

வான் சூடேறுது என்று முதலில் சொன்னது அப்பா இல்லை. முன் சீற்றில் இருந்து போகிற நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. “வான் மாமா, கீழ சுடுது” என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கட வான் பழைய டொல்பின். எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழேதான். அதனால் கொஞ்சம் சுடுவது வழமை. அப்பா ஒரு சாக்கை நாலாக மடித்து அவள் இருக்கிற இடத்தில் போட்டுவிட்டார். வீட்டில் அதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம்.

அடுத்த திங்கள் பின்னேரம், பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வழியில் ஹீட் முள்ளு சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அப்பா ஓரமாக நிற்பாட்டி, ஆறவிட்டு, திரும்ப ஓடி, திரும்ப நிற்பாட்டி, பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து சீறுகிற சத்தம். எங்களில் சின்னவன் ஒரு துணியை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“கையை எடடா! மூஞ்சை அவிஞ்சு போகும்.”

வெருட்டுக்குச் சொன்ன கதை இல்லை. திறந்த சட்டியில் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தைக் கூடுதலாக உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அதனால் 115 பாகைக்கு மேலே போனாலும் உள்ளே தண்ணி கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடும், முழுத் தண்ணியும் ஒரேயடியாகக் கொதித்து மேலே பாயும். எஞ்சின் முழுக்க ஆறும் வரைக்கும் தொடக்கூடாது.

அடுத்த நாள் விடிய அப்பாவே மூடியைத் திறந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். உள்ளே பச்சையோ சிவப்போ ஒன்றும் இல்லை. பால்தேத்தண்ணி. அதுவும் ஆடை படிந்த பால்தேத்தண்ணி. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் கிறீஸ் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு ஒவ்வொருவராகக் கோல் எடுக்கத் தொடங்கினார். “இண்டைக்கு வான் வராது.”

அந்த “இண்டைக்கு” ஒன்பது நாள் நீண்டது.

ரேடியேட்டருக்குள் இருப்பதைப் பற்றி எங்களுக்கு அதுவரை பெரிதாக ஒன்றும் தெரியாது. கூலன்ட் என்றால் கலர் தண்ணி. பனி கொட்டுகிற நாட்டில் தண்ணி உறையாமல் இருக்கப் போடுவது, இந்த வெயிலுக்கு அது எதற்கு என்றுதான் ஊரில் பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. கூலன்டில் இருப்பது தண்ணி, எதிலீன் கிளைக்கோல், பிறகு துருப்பிடிக்காமல் காக்கிற சில சேர்க்கைகள். கிளைக்கோல் உறைவதை மட்டும் தடுப்பதில்லை, கொதிப்பதையும் பின்னுக்குத் தள்ளும். பாதிக்குப் பாதி கலந்தால் மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 பாகை வரைக்கும் தாங்கும். எங்களைப் போன்ற வெயில் நாட்டுக்கு அதைவிட முக்கியம் அந்தச் சேர்க்கைகள்தான். எஞ்சினுக்குள் இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப் பற்றாசு எல்லாம் ஒரே தண்ணியில் நனைந்துகொண்டு நிற்கின்றன. காக்கிறதுக்கு ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும். சேர்க்கைகளும் நிரந்தரம் இல்லை. பழைய பச்சைக் கூலன்டை இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாற்றச் சொல்வதும் அதற்காகத்தான். ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலந்தால் சிலவேளை கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். நிறத்தை நம்பியும் பயனில்லை, ஒவ்வொரு கொம்பனியும் தன் விருப்பத்துக்கு நிறம் போடுகிறது.

எங்கட வானில் எந்தக் கூலன்டும் இல்லை. கிணத்துத் தண்ணிதான் இருந்தது.

2022இல் நடந்தது அது. ரூபா விழுந்து, 200 ரூபாவுக்கு இருந்த டொலர் 360 வரைக்கும் போன காலம். டீசல் வரிசையில் அப்பா இரண்டு இரவு வானுக்குள்ளேயே படுத்தார். பள்ளிக்கூடங்கள் பூட்டி, வான் முற்றத்தில் நின்றது. வெளியில் இருந்து வருகிற எந்தச் சாமானும் கைக்கு எட்டாத விலை. ரேடியேட்டரில் தண்ணி குறைந்தபோது அப்பா கிணத்தடியில் இருந்து ஒரு வாளி அள்ளி ஊத்தினார். நாங்கள்தான் புனல் பிடித்தோம். அடுத்த மாதமும் ஊத்தினார். நிலைமை கொஞ்சம் சரிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி எப்படியென்று எங்கட வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தாலே தெரியும். அடியிலும் சுவரிலும் வெள்ளைப் படை. அம்மா மாதத்துக்கு ஒருக்கால் தேசிக்காய் போட்டுக் கொதிக்க வைத்துக் கழற்றுவா. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணியில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும், சூடாக்கினால் அது படிந்துவிடும். கேத்தலில் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிவதை யார் பார்த்தது? எங்களில் ஒருவர் கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவர். அந்தக் கையாலேயே புனலும் பிடித்தவர். அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வான் நிற்க வேண்டியிருந்தது.

ஏன் ஊத்தினீர்கள் என்று அப்பாவைக் கேட்டோம்.

“மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஊரடா இது. கிணத்துத் தண்ணிக்கு என்ன வந்தது?”

இந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டது. அதைச் சொல்லும்போது அப்பாவின்ர முகமே மாறிவிடும். இல்லாததை வைத்துச் சமாளிக்கிற கெட்டித்தனம் எங்கட ஊரின் பெருமை. அந்தக் கெட்டித்தனம் இல்லாவிட்டால் அவையள் அந்த வருசங்களைத் தாண்டியிருக்க மாட்டினம். ஆனால் அந்தக் கார்களின் எஞ்சின்கள் பிறகு என்ன ஆனது, புகை யாரின்ர நெஞ்சுக்குள்ள போனது என்று கதையின் முடிவில் யாரும் சொல்வதில்லை. சமாளிப்புக்கு ஒரு பில் வரும், உடனே வராது. எங்கட வானுக்கு இரண்டு வருசம் பிந்தி வந்தது.

மெக்கானிக் அண்ணை முன் சீற்றைத் தூக்கிவைத்துவிட்டு முதலில் செய்தது ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்ததுதான். ஒயில் கறுப்பாகவே இருந்தது.

“தண்ணி ஒயிலுக்க போகேல்ல. ஒயில்தான் தண்ணிக்க வந்திருக்கு. தப்பியிட்டியள் அண்ணை. மற்றப்பக்கமாப் போயிருந்தா பேரிங் எல்லாம் போயிருக்கும்” என்று அப்பாவிடம் சொன்னார்.

பிறகு எங்களுக்கும் விளங்கப்படுத்தினார். எஞ்சின் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தகடு இருக்கிறது. ஹெட் காஸ்கட். அதற்குள்ளால் நெருப்பு, ஒயில், தண்ணி மூன்றுக்கும் தனித்தனிப் பாதை. ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. சுண்ணாம்பும் துருவும் ரேடியேட்டரை அடைக்க, எஞ்சின் சூடேற, ஹெட் மட்டம் விட்டுக் கோணும். கோணினால் காஸ்கட் விட்டுக்கொடுக்கும். எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் தண்ணியின் அழுத்தத்தைவிடக் கூட. அதனால் ஒயில் தண்ணிக்குள் தள்ளப்படும். இரண்டும் கலங்கி அடிபட்டுப் பால் மாதிரி வரும். ஒயில் கலந்த தண்ணி சூட்டைச் சரியாக இழுக்காது, அதனால் எஞ்சின் இன்னும் சூடேறும், இன்னும் கோணும். “சீற்று சுடுது எண்டு அந்தப் பிள்ளை சொன்ன அண்டைக்கே கொண்டுவந்திருந்தா ரேடியேட்டர் கழுவுறதோட முடிஞ்சிருக்கும்” என்றார். அப்பா வேறு பக்கம் பார்த்தார். நாங்களும்தான்.

ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மட்டம் பிடித்தார்கள். வெடிப்பு இல்லை. புதுக் காஸ்கட் போட்டார்கள். அந்த மாத வான் காசு அதோடு சரி. பிறகுதான் கழுவுகிற வேலை. கசிவை அடைக்காமல் கழுவினால் திரும்ப ஒயில் வந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்த ஒழுங்கு. கூலிக்காசு மிச்சம் பிடிக்க, கழுவுவதை வீட்டில் நாங்களே செய்கிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். மெக்கானிக் அண்ணை தேர்மோஸ்டாட்டைக் கழற்றித் தந்து, செய்கிற முறையையும் சொல்லிவிட்டார். நுரை கூட வராத சவர்க்காரத் தூளை இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்து ஊத்து, எஞ்சினைச் சூடாகும் வரைக்கும் ஓடவிடு, நிற்பாட்டி ஆறவிடு, கீழ்ப் புளக்கைக் கழற்றி இறக்கு. தண்ணி தெளிவாக வருமட்டும் இதையே செய். நுரைத்தால் தண்ணி பம்புக்குள் காற்றுப் போகும், அதனால் சட்டி கழுவுகிற சவர்க்காரம் வேண்டாம். ஒயிலில் ஊறி உப்பிப் பொதுபொதுத்த றப்பர் ஹோஸ்களைத் திரும்பப் போடாதே, கடைசியில் புதுசு வாங்கு. இவ்வளவும் அவர் ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தார்.

“இறக்கிற தண்ணியை எங்க ஊத்துறது அண்ணை?” என்று கேட்டோம்.

அவர் கராஜுக்குப் பின்னால் இருந்த கிடங்கைக் காட்டினார். சிவப்பு மண்ணில் வெட்டின கிடங்கு. அடியில் கறுத்துப் போயிருந்தது. “இஞ்ச எல்லாரும் ஊத்துறதுதான் தங்கச்சி. பத்து நிமிசத்தில குடிச்சுப்போடும்.”

குடிச்சுப்போடும். நிலம் அதைக் குடித்து எங்கே கொண்டுபோகிறது? குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. எங்களுக்குத் தண்ணி தருவது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. அந்த வில்லையில்தான் எங்கட கிணறுகள் எல்லாம் வாய் வைத்திருக்கின்றன. மேலே இருக்கிற மண் பல இடங்களில் மெல்லிசு. அடியில் கல்லுக்குள் தண்ணி வழி வைத்திருக்கிறது என்பதற்கு நிலாவரையும் கீரிமலையும் சாட்சி. இப்படியான நிலத்தில் ஓரிடத்தில் ஊத்தினது அந்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது.

சுன்னாகத்தில் நடந்ததை நாங்கள் சின்ன வயதில் கண்டிருக்கிறோம். அங்கே அனல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் கிணத்துத் தண்ணியில் எண்ணெய் மிதந்தது. பவுசர் வரும் வரைக்கும் சனம் வாளியோடு நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதைப் பற்றி நாங்களும் கோபத்தோடு கதைத்திருக்கிறோம், முகநூலில் எழுதியிருக்கிறோம். இப்போது எங்கட முற்றத்தில், எங்கட வானுக்குக் கீழே, எங்கட பேசினுக்குள் எண்ணெய் மிதந்த தண்ணி பத்து லீற்றர் நிற்கிறது. கிணறு முப்பது அடிக்கு அப்பால். மாமி வீட்டுக் கிணறு வேலிக்கு மற்றப் பக்கம்.

வாழையடியில் ஊத்தச் சொன்னார் அப்பா. நாங்கள் மாட்டோம் என்றோம். ஒன்பது நாளாக வருமானம் இல்லாமல் இருந்த மனிசனுக்கு வந்த கோபத்தை நாங்கள் பிழை சொல்லவில்லை.

“ஊரிலை இருக்கிற அவ்வளவு கராஜும் ஊத்துது. பஸ்காரன் ஊத்திறான், லொறிக்காரன் ஊத்திறான். எங்கட பத்து லீற்றரோ ஊரைக் கெடுக்கப்போகுது?”

பத்து லீற்றர் இல்லை. முதல் இறக்கினது பத்து, பிறகு கழுவ ஆறு தரம். மொத்தம் எழுபது. அதை நாங்கள் சொன்னபோது அவரின்ர கோபம் இன்னும் கூடியது.

நியாயமாகவும் பார்த்தோம். கிளைக்கோலை மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாளாக ஆகத் தின்று முடித்துவிடும். ஆனால் அதற்கு முதல் யார் குடிப்பார்கள் என்பதுதான் பயம். அது இனிக்கும். நாய், பூனை, ஆடு எல்லாம் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தை அடித்துவிடும். எங்கட வானில் கிளைக்கோல் இல்லை, சரி, இனிமேல் போடப்போவதில் இருக்கும். எண்ணெயும் ஈயமும் வேறு கதை. பழைய செம்பு ரேடியேட்டர்கள் ஈயப் பற்றாசு வைத்தவை. அரித்த தண்ணியில் ஈயம் கரைந்து வரும். அதை எந்த உயிரியும் தின்று முடிக்காது.

கடைசியில் அம்மாதான் முடிவு சொன்னா. மாரித் தண்ணி பிடிக்கிற நீலப் பரல் ஒன்றைக் காட்டி, “உதுக்குள்ள ஊத்தி மூடி வையுங்கோ. பிறகு பாப்பம்” என்றா. மாரிக்கு இன்னும் நாள் இருந்தது.

ஆறு தரம் கழுவினோம். முதல் தரம் சேறு. மூன்றாம் தரம் ரோஸ் பால் மாதிரி வந்தது, துரு கலந்து. ஆறாம் தரம் தெளிந்தது. சவர்க்காரம் போக வெறும் தண்ணியில் கழுவினதையும் அதற்குள் சேர்த்துத்தான் கணக்கு. ஹோஸ் இரண்டு புதுசாக வாங்கினோம். தேர்மோஸ்டாட்டும் புதுசு. இந்த வெயிலுக்கு அது தேவையில்லை என்று சிலர் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் அளவான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசலும் கூடப் போகும், தேய்மானமும் கூடும் என்று மெக்கானிக் அண்ணை திரும்பப் போட்டார். கூலன்டோடு கலக்கக் கிணத்துத் தண்ணி இல்லை, கடையில் விற்கிற பற்றரித் தண்ணி.

பத்தாம் நாள் வான் ஓடியது. முன் சீற்றுப் பிள்ளை ஏறினவுடன் கையை வைத்துப் பார்த்துவிட்டு “இப்ப சுடேல்ல” என்று சொன்னதாம். அப்பா வந்து சொன்னார். சாக்கை எடுத்துக் கிணத்தடியில் போட்டார்.

பரல் மட்டும் விறகுப் பத்தியில் நின்றது. மூடிக்கு மேலே ஒரு கல், பக்கத்தில் பெயின்றால் “குடிக்கக்கூடாது” என்று எழுதி. இரண்டு கிழமையில் ஒயிலில் ஒரு பங்கு மேலே மிதந்து வந்தது. அதை அகப்பையால் அள்ளி ஒரு கானில் விட்டு, கராஜில் பழைய ஒயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்தோம். மிச்சத் தண்ணியை யாரும் எடுக்கவில்லை. ஒரு அலுவலகத்துக்குக் கோல் எடுத்தோம். குப்பை வண்டி தண்ணி ஏத்தாது என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்கு எடுத்தோம். தொழிற்சாலையா என்று கேட்டார்கள். வான் என்றோம். வைத்துவிட்டார்கள். புத்தளத்தில் சீமெந்துச் சூளையில் தொழிற்சாலைக் கழிவுகளை எரிக்கிற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அறுபது சொச்சம் லீற்றரை ஏத்திக்கொண்டு யார் புத்தளம் போறது?

ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியோ என்று எங்களுக்கும் இடைக்கிடை தோன்றும். ஒரு வீட்டுப் பரல் ஒரு ஊரைக் காப்பாற்றாது. எங்கட பரலுக்கு அங்கால் ஒவ்வொரு கராஜின் பின்பக்கத்திலும் கிடங்கு இருக்கிறது, நிலம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரு தாங்கி, மாதத்துக்கு ஒரு பவுசர், அவ்வளவுதான் தேவை. தண்ணி கொண்டு வந்து தந்த பவுசர் மாதிரி, இதைக் கொண்டு போகவும் ஒன்று. அது வரும் வரைக்கும் ஊத்தாமல் வைத்திருப்பது ஒன்றுதான் எங்கட கையில் இருக்கிறது. அதுவும் பத்தியில் இடம் இருக்கும் வரைக்கும்.

போன மாதம் அப்பா ரேடியேட்டரைப் பார்க்கும்போது கொஞ்சம் சிந்தியது. யாரும் சொல்லாமலே பேசினைத் தள்ளிக் கீழே வைத்தார். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

நேற்றுப் பின்னேரம் மெக்கானிக் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்தவர். பின்னால் ஒரு இருபது லீற்றர் கான் கட்டியிருந்தது. அவரின்ர கராஜுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்காம். இறங்காமலே கேட்டார்.

“தங்கச்சி, உங்கட பரல்ல இடம் கிடக்கோ?”

கொஞ்சம் கிடந்தது.